ஒற்றை மணி

மணி ஐந்தே முக்கால். ஆறரைக்குப் போன் அடிக்கும். ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு நின்றுவிடும். பத்து மாதமாக அப்படித்தான் அடித்து நின்றது. பத்து மாதமாக இவளும் அடுக்களையிலிருந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, நின்றுபோன போனைப் பார்த்து, ஸ்தோத்திரம் ஆண்டவரே, என் பிள்ளை சுகமாயிருக்கு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். கழுதை. தங்கநேசம் என்று பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்த கழுதை. இப்போது அந்தக் கழுதை புருஷனுடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. முப்பத்தோரு வருஷத்தில் இந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை, தூசி தட்டியிருக்கிறாள், மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறாள், உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் என்ன, முள்ளா குத்துகிறது, ஒன்றும் குத்தவில்லை. முன்னால் மேசையில் அந்த லேப்டாப் திறந்தபடி இருந்தது. கறுப்புத் திரை. திரையின் மேல்மூலையில் வெள்ளையாக ஒரு சின்னக் கட்டம் அணைந்து அணைந்து எரிந்தது, பல்லி கண்ணைச் சிமிட்டுவதுபோல. அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு வயர் சுவருக்குப் போகிறது, இன்னொரு வயர் போனுக்குப் போகிறது. சுவரிலிருந்து வருவது எதுவானாலும் முதலில் இதன் வாய்க்குள் போய்விட்டுத்தான் போனுக்கு வரவேண்டும். இது எத்தனை நாளாய்த் தெரியும் அவளுக்கு? முதல் நாளிலிருந்தே தெரியும். தினமும் அந்த வயரைத் தூக்கித்தானே கீழே கூட்டுகிறாள். தெரிந்தும் புரியாமல் இருந்திருக்கிறது, கண்ணுக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தும். அவர் கோயிலில் சேகரக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். மற்ற நாளில் ஆறு மணிக்கு இதன் முன்னால் உட்கார்ந்து எதையோ தட்டுகிறவர் இன்றைக்குப் போகும்போதே, நாலரைக்கே, சட்டையெல்லாம் போட்டு நின்றுகொண்டே தட்டிவிட்டுப் போனார். ஆல்வினுக்காகத் தயார் பண்ணுகிறார் என்று நேற்றுவரை நினைத்திருப்பாள். பாவம், மகன்கூடப் பேச எவ்வளவு ஆசை மனுஷனுக்கு என்று நினைத்திருப்பாள்.

ஒரு மணி அடித்தால் சுகம். இரண்டு மணி அடித்து நின்றால் நீங்கள் கூப்பிடுங்கள். இதுவும் அவர் போட்ட சட்டம்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் இருந்த மனுஷன், வீட்டில் போன் வந்த முதல் நாளே ஆல்வினையும் பெர்ஸிஸையும் நிற்க வைத்துப் பாடம் நடத்தினார். ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு மணி. பரீட்சை எழுதி முடித்ததும் ஒரு மணி. யாரும் எடுக்கக்கூடாது, எடுத்தால் காசு. தெருவில் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் பழகிக்கொண்டார்கள். பெர்ஸிஸ் பாளையங்கோட்டையில் படித்த மூன்று வருஷமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி அடிக்கும், இவர் சோற்றில் கையை வைத்தபடியே, வந்துட்டுல்லா உம் மொவளுக்க கணக்கு, இனி நிம்மதியா உண்ணு என்பார். அப்போது அவருக்குக் குரல் இருந்தது. நல்ல கனத்த குரல். கோயிலில் பாட்டின் கடைசி அடியை அவர் பிடித்து இழுத்தால் பின்வரிசையில் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். அந்தக் குரலை வெட்டியெடுத்துத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் ஒரு தட்டில் போட்டார்கள். கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள். அந்தத் துளைக்குள் இருக்கிற குழாயை இரண்டு வருஷமாகக் காலையும் மாலையும் எடுத்துக் கழுவுவது இவள் கைதான். கழுவும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருப்பார், சின்னப் பிள்ளைபோல. இன்று காலையிலும் கழுவினாள். கோயிலுக்குப் போகுமுன் கழுவினாள். கோயிலிலிருந்து வந்தபின் கழுவியிருந்தால் என்ன செய்திருப்பாளோ, ஆண்டவரே அப்படியெல்லாம் நினைக்க விடாதேயும், நினைக்கத்தான் செய்கிறேன், நினைக்க விடும்.

கோயில் விட்டதும் செருப்பு போடுகிற இடத்தில் சுகிர்தா பிடித்துக்கொண்டாள். பெர்ஸிஸோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள், இப்போது பெங்களூரில் வேலை, லீவில் வந்திருக்கிறாள். வரும் வழியில் ஓசூரில் இறங்கி அவளைப் பார்த்துவிட்டு வந்தாளாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள், ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. ஆன்ட்டி, நீங்க இப்பிடி செய்வீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல என்றாள். எப்பிடி மக்ளே? வேலாயுதம் வேதக்காரன் இல்லதான், ரிஜிஸ்டர் கல்யாணம்தான், அதுக்குன்னு பெத்த தாய் இப்பிடியா? என்னட்டி சொல்லுத? நான் என்ன செஞ்சேன்? வாரத்துல நாலு நாளு வேல முடிஞ்சி வாற வழியில பூத்துல ஏறி போன் பண்ணுதா ஆன்ட்டி. ஒரு மணி அடிக்கும், எடுக்கும், எடுத்ததும் காது கிழியுற மாதிரி கீச்சுன்னு ஒரு சத்தம். அம்மான்னு கத்துவாளாம், அது பாட்டுக்குக் கீச்சிக்கிட்டே கெடக்குமாம். எங்கம்மா எனக்க கொரலு கேக்கக்கூடாதுன்னு மெசினு வச்சிட்டான்னு சொல்லி அழுதா. ரெண்டு லெட்டரு போட்டாளே, அதுவுமா கெடைக்கல? பங்குனியில மூணு மாசத்துல கலைஞ்சிபோச்சே, அப்ப ஏழு நாளும் விடாம பண்ணுனாளே, அதுவுமா உங்களுக்குத் தெரியாது? இப்ப அஞ்சு மாசம். நாளையிலருந்து கட்டிலவிட்டு எறங்கப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சி. மாமியாரும் உயிரோட இல்ல, அவன் ஷிப்டுக்குப் போயிட்டா ஒத்தையில கெடக்கணும். ஞாயித்துக்கெழம ஆறரைக்குக் கடைசியா ஒரு தடவ பூத்துக்குப் போவேன், அம்ம எடுத்தா எடுக்கட்டு, இல்லன்னா எனக்கு அம்ம இல்லன்னு நெனச்சிக்கிடுதேன்னு சொல்லிட்டா. சுகிர்தா சொல்லிக்கொண்டே போனாள், இவளுக்கு அதற்குமேல் காதில் ஏறவில்லை. பங்குனி என்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். பங்குனி என்றால் லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலம். லெந்தில் ஒரு வாரம் பூராவும் நாள் தவறாமல் மணி அடித்தது. நினைவிருக்கிறது. நன்றாக நினைவிருக்கிறது. நாள் தவறாமல் சுகம் சொல்லுதாளே என் பிள்ளை என்று அவள் அந்த வாரம் உபவாசத்தை ஸ்தோத்திர உபவாசமாக மாற்றிக்கொண்டாள். அங்கே அது இரத்தமாய்ப் போய்க்கொண்டிருந்தது. இங்கே இவள் பட்டினி கிடந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேசை டிராயரில் நோட்டு இருந்தது. ஆல்வினுடைய நோட்டு, பச்சை அட்டை. அப்பாவுக்கு வாய் போய்விட்டது, போனில் பேச முடியாது, ஆனால் விரல் இருக்கிறதே என்று மகன் தன் ஆபீஸில் கழித்துப்போட்ட லேப்டாப்பைச் சென்னையிலிருந்து சுமந்துகொண்டு வந்தான். அவன் அங்கிருந்து தன் கம்ப்யூட்டரில் போன் போடுவான், இந்தக் கம்ப்யூட்டர் அதை எடுக்கும், அவன் அங்கே தட்டுவது இங்கே திரையில் எழுத்தாய் வரும், இவர் இங்கே தட்டுவது அங்கே போகும். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அப்பனும் மகனும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். உள்ளே மோடம் என்று ஒன்று இருக்கிறதாம், அதற்குக் கண்ணும் கிடையாது, படமும் தெரியாது, கட்டளையைத் தட்டினால் செய்யும், அவ்வளவுதான். அம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும் என்று ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில் தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போனான். எட்டாம் வகுப்பு படித்த அம்மாவுக்கு விளங்குகிற மாதிரி பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருந்தான், நல்ல பிள்ளை. எதைச் சொல்வதற்கு முன்னாலும் AT என்று போட வேண்டும். இது அதைக் கூப்பிடுவது மாதிரி. கூப்பிடாமல் நீங்கள் என்ன எழுதினாலும் அது காதில் வாங்காது, பதிலும் சொல்லாது. இதை அவன் வாசித்துக் காட்டியபோது இவள் சிரித்தாள். ஒங்க அப்பா மேசையத் தட்டுத மாதிரின்னு சொல்லு. குரல் போனபின் அவர் இவளைக் கூப்பிடுவது அப்படித்தான். விரல் மூட்டால் மேசையில் இரண்டு தட்டு. டக் டக். இவள் எங்கே இருந்தாலும் வந்து நிற்பாள். கிணற்றடியில் இருந்தாலும் வந்து நிற்பாள், ஜெபத்தில் இருந்தாலும் ஆமென் சொல்லிவிட்டு வந்து நிற்பாள். தண்ணீரா, காப்பியா, குழாயில் சளி அடைத்துவிட்டதா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அப்பாவும் பிள்ளைகளும் ஒருமாதிரி என்றால் இவளும் இந்த மோடமும் ஒருமாதிரி. தட்டினால் ஓகே.

ஆல்வினின் பெரிய எழுத்துகளுக்குக் கீழே, மார்ஜினில், பென்சிலில், அவருடைய கையெழுத்து. எக்ஸ்சேஞ்சில் ரிஜிஸ்டர் எழுதிப் பழகிய கை, பொடிப்பொடியாய் அச்சுக் கோத்ததுபோல இருக்கும். ATS0=1 என்று மகன் எழுதியதற்குப் பக்கத்தில் தமிழில், போன் வந்தால் ஒரு மணியிலேயே இது தானாக எடுத்துக்கொள்ளும், அப்பா பேசும் நேரத்தில் மட்டும். ATS0=0, இது எடுக்காது, அம்மா போனை எடுத்துப் பேசலாம். ATM0, கீச்சுச் சத்தம் இங்கே வெளியே கேட்காது. இது மகன் எழுதியது. மார்ஜினில் அப்பன் எழுதியது: மாலை 6.00, ஒன்று. 7.00, பூஜ்யம். அதற்குக் கீழே, சத்தம் அணைக்க மறக்கக் கூடாது. அவ்வளவுதான் எழுதியிருந்தது. பெயர் இல்லை, காரணம் இல்லை. ரயில் வரும் நேரம் போகும் நேரம் எழுதி வைத்த மாதிரி எழுதியிருந்தார். மத்தியானம் சாப்பாடு ஆனதும் அவர் சாய்ந்து படுத்த நேரத்தில் இதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நோட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, போய் மீன்சட்டியைக் கழுவினாள். ஒரே சட்டியை மூன்று தடவை கழுவினாள். கல்யாணம் நடந்த செய்தி வந்த அன்று ஸ்லேட்டில் எழுதிக் காட்டினாரே, இந்த வீட்டில் அவள் பெயர் வேண்டாம் என்று, அது கோபம். அதை அவள் புரிந்துகொண்டாள். அப்பனுக்கு வருகிற கோபம், காலம் வந்தால் ஆறும் என்று விட்டுவிட்டாள். இது அது இல்லை. நேரம் குறித்துக்கொண்டு செய்வது கோபம் இல்லை. ஆறு மணிக்குப் போட்டு ஏழு மணிக்கு எடுப்பது கோபம் இல்லை, உத்தியோகம். அந்த இரண்டு லெட்டரையும் தபால்காரனிடமிருந்து வாங்கிக்கொண்டது யார் என்று இனிக் கேட்க வேண்டியதில்லை. ஒற்றை மணிக்கு அவள் அர்த்தம் வைத்திருந்தாளே, அந்த அர்த்தத்தைப் போட்டதே அவர்தானே, இவள் அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாய்ப் போய்விடுவாள், எதையும் தேடமாட்டாள் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான். கதவைப் பூட்டினால் இவள் தட்டுவாள், அதனால் பூட்டவில்லை. சுகம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

இன்னும் ஒன்று இருந்தது. அதை நினைக்கக்கூடாது என்று காலையிலிருந்து மூடி மூடி வைத்தாள், மூடின இடத்திலேயே வந்து நிற்கிறது. ஆகஸ்டில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். தொலைவிலிருக்கிற மகள் நாலு பேர் அறியப் பேச முடியாமற்போனாலும் தவறாமல் சுகத்தை அறிவிக்க ஆண்டவர் கிருபை செய்கிறார், ஒரு மணியோசையில் என் உள்ளம் நிறைகிறது என்று சொன்னாள். லில்லிபாய் டீச்சர் கண்ணைத் துடைத்தார். பாஸ்டர் வீட்டு ஐயரம்மா பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எவ்ளோ அழகா பேசினீங்க அக்கா என்றார்கள். அழகாகத்தான் இருக்கும். தாளில் எழுதிக் கொடுத்தது யார்? இவளுக்கு நாலு பேர் முன்னால் வாய் குழறும் என்று முந்தின ராத்திரி அவரிடம் சொன்னாள், நெஞ்சில் இருந்ததைச் சொன்னாள், அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்து கோத்துக் கோத்து எழுதிக் கொடுத்தார், அந்தப் பொடி எழுத்தில். ஒரு மணியோசையில் என் உள்ளம் நிறைகிறது. அது அவருடைய வரி. எழுதிவிட்டுத் தாளை நாலாய் மடித்து இவள் வேதப்புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது, சங்கீதத்துக்கு நடுவே, எழுந்துபோய் அதைக் கிழித்துப் போட வேண்டும், கிழிக்கக் கூடாது, அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். எதை வைத்து வாசிப்பார்? குரல் இல்லாதவர். குரல் இல்லாதவரிடம் எப்படிச் சண்டை போடுவது? இவள் ஒரு வார்த்தை சத்தமாகச் சொன்னாலும் வாயில்லாப் பிராணியை அடித்ததுபோல் ஆகிவிடும். தெருவில் கேட்டால், பாவம் அந்த மனுஷன், ஒரு வார்த்த திருப்பிச் சொல்ல முடியாதவர், அவரப் போய் என்பார்கள். அவர் வாயில்லாமல் இருப்பதே அவருக்கு ஒரு கோட்டையாகிவிட்டது. இவள் வெளியே நின்று தொண்டை கட்டிக் கிடக்கிறாள். வயரைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா? ஒருதரம் கூட்டும்போது விளக்குமாறு பட்டு அதன் முனையிலிருக்கிற கொக்கி முறிந்து, லைன்மேன் வர நாலு நாளாகி, நாலு நாளும் போன் பிணமாய்க் கிடந்தது. இன்றைக்கு முறிந்தால் போச்சு. அணைத்துவிடலாமா? அணைத்தால் போனுக்குப் போகிற வயரும் சேர்ந்து செத்துவிடுமா, யாருக்குத் தெரியும், ஆல்வின் அதை எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருப்பதைச் செய். எழுத்தைக் கூட்டத் தெரியும் அல்லவா உனக்கு. அவர் எந்த வழியில் போனாரோ அந்த வழியிலேயே போ.

ஆறு மணி அடித்தது சுவர்க் கடிகாரம். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். A எங்கே இருக்கிறது? இடது கை ஓரத்தில். T எங்கே? நடுவில். இந்த எழுத்துகளை யார் இப்படிக் கலைத்துப் போட்டது, வரிசையாய் வைத்தால் என்ன கேடு. ஒற்றை விரலால் குத்தினாள். A வந்தது, T வந்தது, நோட்டில் பார்த்து என்டரைக் குத்தினாள். அடுத்த வரியில் OK. உடம்பு ஒரு நொடி சிலிர்த்துப்போயிற்று. கூப்பிட்டால் ஏனென்று கேட்கிறது. நோட்டில் ஆல்வின், இப்போது என்ன போட்டிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கேள்விக்குறி போட்டுக் கேட்கலாம், சொல்லும் என்று எழுதியிருந்தான். A T S 0 என்று குத்தினாள், அடுத்தது கேள்விக்குறி. அது ஒரு பட்டனில் மேலே இருக்கிறது, கீழே ஒரு சாய்ந்த கோடு இருக்கிறது. குத்தினாள். சாய்ந்த கோடு வந்தது. என்டர். ERROR என்றது. ஓ, உனக்கும் என்னைப் பார்த்தால் எளப்பமாக இருக்கிறதா. மறுபடி குத்தினாள், மறுபடி ERROR. எத்தனை தடவை இந்தத் திரையில் வெள்ளை எழுத்தைப் பார்த்தபடி கூட்டியிருக்கிறாள், RING என்று இருக்கும், கீழே NO CARRIER என்று இருக்கும், பிள்ளை கூப்பிட்டு அறுந்துபோன கணக்கு, ஒன்றன்கீழ் ஒன்றாய் இரண்டு மூன்று நாளைக்கு அப்படியே கிடக்கும், அவர் அன்றன்றைக்கு அழிக்கக்கூட மாட்டார், இவளுக்குத் தெரியாது என்ற தைரியம். RING தெரியும், மோதிரம் என்று எட்டாம் வகுப்பில் படித்தாள், மணி அடிப்பதும் அதுதான் என்று பெர்ஸிஸ் சொல்லிக்கொடுத்தாள். மோதிரம் என்று நினைத்துக்கொண்டே கூட்டிவிட்டுப் போனாள். ஆறு பத்து. நோட்டைப் புரட்டினாள். மேல் குறிக்கு ஷிப்ட் என்று எழுதிய பட்டனை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் குத்தவும். ஏன் மக்ளே இதை முதல் பக்கத்தில் எழுதக்கூடாது. அமுக்கிப் பிடித்தாள். A T S 0, பிறகு கேள்விக்குறி வந்தது, முதுகு கூனிய கிழவிபோல் நல்ல கேள்விக்குறி. என்டர்.

001.

மறுபடி கேட்டாள். 001. அது பொய் சொல்லவில்லை. சுற்றி வளைக்கவில்லை, என்ன போட்டார் என்று கேட்டாள், ஒன்று போட்டார் என்று சொல்லிவிட்டது, இவ்வளவு நாளும் சொல்லியிருக்கும், கேட்கத்தான் ஆள் இல்லை. இந்த வீட்டில் இவளிடம் நேராகப் பதில் சொன்ன ஒரே சாமான் இதுதான். கன்னம் ஜிவுஜிவு என்றிருந்தது, காதுமடல் சுட்டது. அழுகை வருமோ என்று பார்த்தாள், வரவில்லை, காலையிலிருந்து அதற்காகக் காத்திருக்கிறாள், வரமாட்டேன் என்கிறது, அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டு இடம் விடமாட்டேன் என்கிறது. கோபம் பாவம் என்று சின்ன வயதிலிருந்து எத்தனை ஜெபத்தில் சொல்லியிருப்பாள், ஆண்டவரே என் கோபத்தை எடுத்துப்போடும் என்று. எடுத்துப்போட்டீரே, நல்லா எடுத்துப்போட்டீரே, அது இருந்திருந்தால் லெந்திலேயே ஒருநாள் ஏன் ஒரு மணியோடு நிற்கிறது என்று கேட்டிருப்பேனே. இன்றைக்கு ஒருநாள் அது என்னிடம் இருக்கட்டும். ஆறரை ஆகும்வரை ஜெபிக்காமல் இருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதேயும். A T S 0 = 0. விரல் நுனி வழுக்கியது. என்டர். OK. கேள்விக்குறி. 000. மூன்று முட்டை. அடுத்தது நோட்டில், AT&W, இப்போது இருப்பதை மனதில் வைத்துக்கொள் என்று அர்த்தம், அணைத்து எரித்தாலும் மறக்காது. அந்த வளைந்த குறி ஏழுக்கு மேலே இருந்தது. ஷிப்டைப் பிடித்தாள். நாளைக்கு அவர் உட்கார்ந்து மறுபடி ஒன்று போடலாம், யார் தடுப்பது. போடட்டும். நாளைக்கு இந்நேரம் யாருக்குப் போட்டு என்ன, நான் இங்கே இருக்கப்போவதில்லை. சுகிர்தா எழுதிக்கொடுத்த விலாசம் ஜாக்கெட்டுக்குள் இருக்கிறது, வியர்வையில் நனைந்திருக்கும், நனையட்டும், மனப்பாடம். குழாயை யார் கழுவுவது? அந்தக் கேள்வி எங்கிருந்தோ வந்து நின்றது, பழகின நாய்போல. அவருக்கு இரண்டு கை இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, தெற்குத் தெருவில் அவர் தங்கச்சி இருக்கிறாள். மனதில் வை என்று என்டரைக் குத்தினாள். நீயாவது மனதில் வை. OK.

ஆறு இருபத்தாறு. வெளியே தூறல் போட்டது, மாடியில் துணி கிடந்தது, கிடக்கட்டும். இப்போது பயம் வந்தது. கோபம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்த இடைவெளியில் அது நுழைந்துகொண்டது. அடிக்காவிட்டால்? பூத்தில் கூட்டமாக இருந்தால், வரிசையில் நிற்க முடியாமல் திரும்பிவிட்டால், இன்றைக்கே படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தால், வேண்டாம் போ என்று நேற்றே முடிவு பண்ணியிருந்தால். நாளை இவள் போய் நிற்பாள்தான், ஆனால் இன்றிரவு அவள் அம்மா இல்லாத பிள்ளையாகப் படுப்பாள், அஞ்சு மாசத்து வயிற்றோடு, அந்தக் கீச்சுச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு. அது எப்படி இருக்கும் என்று ஒருதரம் இவள் கேட்டிருக்கிறாள், ஆல்வின் காட்டினான், ஆட்டை அறுக்கிறபோது தகரத்தை உரசின மாதிரி இருந்தது. அதற்குள் அம்மா அம்மா என்று கத்தியிருக்கிறாள். பத்து மாதம். இவள் அடுக்களையில் நின்றுகொண்டு. கேட் கொண்டி சத்தம் கேட்டது. கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டதுபோல. குடையை உதறும் சத்தம், பிறகு செருப்பைக் கழற்றும் சத்தம், பிறகு கழுத்துத் துளையிலிருந்து வருகிற அந்த மூச்சு, படியேறினால் சீழ்க்கைபோல வரும், இருட்டிலும் அதை வைத்து அவர் எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிடுவாள். எழுந்திருக்கச் சொல்லி முழங்கால் தன்னாலே முன்னால் வந்தது. இரு என்று அதைப் பிடித்து வைத்தாள். அவர் உள்ளே வந்தார். தன் நாற்காலியில் அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். அவள் அழிக்கவில்லை, எல்லாம் வரிசையாக இருந்தது, இரண்டு ERROR, இரண்டு 001, ஒரு 000, OK. எக்ஸ்சேஞ்சுக்காரருக்கு வாசித்துக்காட்ட வேண்டியதில்லை. அவர் முகத்தில் ஏதோ அசைந்தது, அது என்னவென்று கண்டுபிடிக்கிற வேலையை இன்றைக்கு அவள் செய்யவில்லை.

போன் அடித்தது.

திரையில் RING என்று வந்தது. அவர் கை தன்னாலே அந்தப் பட்டன்களின் பக்கம் நீண்டது. அத்தான், கைய எடுங்க. அவள் குரல்தான் அது. அவளுக்கே புதிதாக இருந்தது, உயரவும் இல்லை, நடுங்கவும் இல்லை. கை நின்றது. ஒரு மணி. வழக்கமாக இந்த இடத்தில்தான் நிற்கும், இந்த இடத்தில்தான் இவள் ஸ்தோத்திரம் சொல்வாள். இரண்டாவது மணி அடித்தது. பத்து மாதத்தில் இந்த நேரத்தில் இந்த வீட்டுக்குள் இரண்டாவது மணி அடித்ததே இல்லை, சுவரெல்லாம் அதைக் கேட்டதுபோல இருந்தது. ஒரு மணின்னா சுகம், ரெண்டு மணின்னா என்ன அத்தான், நீங்கதான சொல்லித்தந்தீங்க? அவர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது மணி அடிக்கும்போது ரிசீவர் அவள் கையில் இருந்தது. அந்தப் பக்கம் எதுவும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, கீச்சுச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறாள் பிள்ளை. பின்னால் ஏதோ லாரி போகிற சத்தம். மக்ளே, அம்மதான். பெர்ஸிஸ், அம்மதான் பேசுதேன், மெசினு இல்ல, அம்ம. அப்புறம் ஒரு சத்தம் வந்தது, அது பேச்சும் இல்லை அழுகையும் இல்லை, பிறந்த அன்று கேட்ட சத்தம். எம்மா. எம்மா நீயா? நீ எடுத்துட்டியா? எடுத்துட்டேன் மக்ளே. எனக்கு ஒண்ணும் தெரியாம போச்சு, நாளைக்கு வந்து உன் முன்னால நின்னு எல்லாம் சொல்லுதேன். காலைல மொத பஸ்ஸுக்கு ஏறுதேன். பாத்து நட, பூத்துலருந்து மெதுவா நட, படியில கைய பிடிச்சி எறங்கு. வந்துருவியா? நெசமா வந்துருவியா? அப்பா விடுவாரா? அவள் கேட்டது ரிசீவரையும் தாண்டித் தெளிவாக அறைக்குள் விழுந்தது. மழை ஓட்டின்மேல் கொஞ்சம் பலத்தது. அவர் பின்னால் வந்து நாற்காலியைச் சுற்றிக்கொண்டு மேசை ஓரத்தில் நின்றார். ஏதோ தட்டினார், பட்டன்களில், வேகமாக, பழகின விரல். ஒரு முழு வரி. இவள் படிப்பதற்காக எழுதுகிறார். கடைக்கண்ணில் வெள்ளையாக அது ஓடுவது தெரிந்தது, அவள் கண்ணை அங்கே கொண்டுபோகவில்லை. அவர் என்டரைக் குத்தினார். AT போடாத வரி. மோடம் ஓகே என்றும் சொல்லவில்லை, எரர் என்றும் சொல்லவில்லை. வெள்ளைக் கட்டம் மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது. பிறகு அவர் விரல் மூட்டால் மேசையில் தட்டினார், இரண்டு தட்டு. டக் டக். அவள் உடம்பு பூராவும் அதைக் கேட்டது, குதிகால் தரையில் அழுந்தியது, இரண்டு வருஷப் பழக்கம் எழுந்திரு எழுந்திரு என்றது. அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். டக் டக்.

என்னம்மா அது, என்ன சத்தம்?

ஒண்ணும் இல்ல மக்ளே. நீ பேசு.